ஸ்கிரிப்ட் ஓடியும் கோப்பு அழியவில்லையா? லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றுக்குமான பிழை நீக்கும் வழிமுறை

வண்ணார்பேட்டையில் உள்ள ஓர் அச்சகத்தில் மூன்று கணினிகள் இருக்கின்றன. பில் போடுவதற்கு விண்டோஸ், வடிவமைப்புக்கு மேக், மாடிப்படிக்குக் கீழே மானிட்டர் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை). முப்பது நாள் கடந்த நோட்டீஸ், அழைப்பிதழ், மாதிரிப் படங்களை இரவில் அழிப்பதற்கு ஒரே ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளின் வரிசை அடங்கிய கோப்பு) எழுதி மூன்றிலும் வைத்துக் கொடுத்தேன். விண்டோஸில் அது கிட் பாஷ் (லினக்ஸ் பாணிக் கட்டளைகளை விண்டோஸில் ஓட்டும் நிரல்) வழியாக ஓடுகிறது. வைத்த நாளிலிருந்து, "தம்பி, நேத்து அழிச்சது இன்னைக்கும் அப்படியே கெடக்கு, வந்து பாத்துட்டுப் போறியளா?" என்று அச்சக அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு வராத மாதம் குறைவு. அப்படிப் போய்ப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த குறிப்புகளே இவை.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் அவை ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். அடிக்கும்போதும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. ஸ்கிரிப்டில் அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' வருகிற இடத்தில் தற்காலிகமாக 'எக்கோ ஆர்எம்' (அழிக்காமல் திரையில் மட்டும் காட்டும்) என்று மாற்றி ஓட்டி, உண்மையில் எந்தப் பெயர்களை அழிக்கப் போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்து, '-எஃப்' ஆப்ஷனை எடுத்துவிட வேண்டும். இல்லாத கோப்பைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் அந்த ஆப்ஷனின் வேலை. பிழையைத் தேடும் நேரத்தில் அது நமக்கு எதிரி. இந்த இரண்டையும் செய்யாமல் நேரே 'சூடோ' (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டு அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கான பகுதி கடைசியில் இருக்கிறது.

அறிகுறி: கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வருகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். காரணங்களை எளியதிலிருந்து பார்க்கலாம்.

*பெயரில் இடைவெளி இருக்கிறதா?* 'கொடை நோட்டீஸ்' என்ற ஒரே கோப்பை, 'கொடை' என்றும் 'நோட்டீஸ்' என்றும் இரண்டு கோப்புகளாக ஷெல் பிரித்துக் கொண்டுவிடும். பிழைச் செய்தி இரண்டு வரியாக வந்து, ஒவ்வொன்றிலும் பாதிப் பெயர் மட்டும் இருந்தால் காரணம் இதுவே. ஸ்கிரிப்டில் மாறி (கோப்பின் பெயரைத் தாங்கும் வேரியபிள்) வருகிற எல்லா இடத்திலும் அதை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற கோப்புகளின் பெயரில் இடைவெளி இல்லாதிருப்பதே அபூர்வம்.

*பெயர் கோட்டுக்குறியில் தொடங்குகிறதா?* அப்போது 'ஆர்எம்' அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டு, 'இன்வாலிட் ஆப்ஷன்' என்றோ 'இல்லீகல் ஆப்ஷன்' என்றோ சொல்லும். பெயருக்கு முன் இரட்டைக் கோட்டை (--) தனியாகப் போடலாம்; அல்லது பெயரோடு ஒட்டி ./ சேர்க்கலாம். இரண்டாவது வழி எல்லாக் கட்டளைகளுக்கும் பொருந்துவதால் நான் அதையே பழக்கமாக வைத்திருக்கிறேன்.

*பட்டியல் விண்டோஸில் எழுதப்பட்டதா?* அழிக்க வேண்டிய பெயர்களை நோட்பேடில் எழுதி, அதை உபுண்டுவில் வரிவரியாகப் படிக்கும்போது, ஒவ்வொரு பெயரின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் (விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும் குறி) ஒட்டிக்கொண்டு வரும். லினக்ஸின் புதிய 'ஆர்எம்' பெயருக்குப் பின்னால் டாலர் குறியும் பின்சாய்கோட்டோடு ஓர் 'ஆர்' எழுத்தும் காட்டி இதைச் சொல்லிவிடும். மேக்கில் அந்தச் சலுகை இல்லை. பிழைச் செய்தியின் பின்பாதி வரியின் தொடக்கத்துக்குத் தாவி, முன்பாதியின் மேல் எழுதிக் குழப்பும். அப்படிக் குழம்பிய வரியைக் கண்டாலே சந்தேகப்பட வேண்டியதுதான். பட்டியலை 'கேட் -வி' கொண்டு பார்த்தால் வரி முடிவில் ^ குறியும் பெரிய 'எம்' எழுத்தும் தெரியும். 'டிஆர் -டி' கட்டளையால் அந்த எழுத்தை நீக்கி வேறொரு கோப்பில் எழுதிக்கொள்ளலாம். ஸ்கிரிப்டையே விண்டோஸில் திருத்தியிருந்தாலும் இதே கதிதான். அது 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்று முதல் வரியிலேயே விழும். ஸ்கிரிப்டை கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு 'ஈஓஎல்=எல்எஃப்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் இது மறுபடி தலைகாட்டாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பட்டியலின் கடைசிப் பெயருக்குப் பின் என்டர் தட்டாமல் விட்டிருந்தால், 'வைல் ரீட்' சுழற்சி அந்தக் கடைசிப் பெயரைத் தொடாமலே முடிந்துவிடும். எல்லாம் அழிந்து கடைசி ஒன்று மட்டும் எப்போதும் தங்கினால், பட்டியலின் முடிவைப் பாருங்கள்.

*பெயர் தமிழில் இருக்கிறதா?* மேலே சொன்ன மூன்றும் இல்லை, பெயரை நகலெடுத்து ஒட்டினால் அழிகிறது, கையால் தட்டச்சு செய்தால் 'இல்லை' என்கிறது என்றால், சிக்கல் ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளில் இருக்கலாம். யுனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரத்துக்கான ஒற்றைக் குறியைச் சேர்ப்பது ஒரு விதம்; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் என்பதால், 'கொடை' முதல் விதத்தில் 12 பைட், இரண்டாம் விதத்தில் 15 பைட். 'பாளையங்கோட்டை' அதேபோல 39 அல்லது 42.

மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு வடிவம் பெயர்களைப் பிரித்த நிலையிலேயே சேமிக்கும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டாலும் இரண்டையும் ஒரே பெயராகவே மதிக்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4-க்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். அதனால்தான் மேக்கில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், அதே கோப்புகளை உபுண்டுவுக்கு மாற்றியதும் கைவிரிக்கிறது. சித்திரை, வைகாசியில் ஊருக்கு ஊர் கோயில் கொடை வரும்போது எங்கள் அச்சகத்தில் 'கொடை' என்று தொடங்கும் கோப்புகள் குவியும். இந்தத் தொல்லையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஒருமுறை ஒரே கோப்புறையில் 'கொடை' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. ஒன்று அழிந்தது, மற்றது அசையவில்லை. பெயரை 'டபிள்யூசி -சி' கட்டளைக்குள் அனுப்பிப் பார்த்த பிறகே மூன்று பைட் வித்தியாசம் தெரிந்தது.

உடனடித் தீர்வு, பெயரைத் தொடாமல் ஐநோட் எண்ணால் (வட்டு ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளுக்குள் கொடுக்கும் எண்) அழிப்பது. 'எல்எஸ் -ஐ' கொடுத்தால் ஒவ்வொரு பெயரின் முன்னும் ஓர் எண் வரும். அதை 'ஃபைண்ட்' கட்டளையின் '-ஐநம்' ஆப்ஷனுக்குக் கொடுத்து, கோப்பைக் காட்டச் சொல்லிச் சரிபார்த்த பின் அழிக்கலாம். நிரந்தரத் தீர்வு, 'கான்வ்எம்வி' என்ற கருவியின் '--என்எஃப்சி' ஆப்ஷனால் எல்லாப் பெயர்களையும் சேர்த்தெழுதிய வடிவத்துக்கு ஒரே தடவையில் மாற்றுவது. அது முதலில் என்ன செய்யப் போகிறது என்பதை மட்டுமே காட்டும். '--நோடெஸ்ட்' சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். நல்ல பழக்கமுள்ள கருவி.

அறிகுறி: 'பெர்மிஷன் டினைட்', 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி', 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'

மூன்றும் ஒன்றுபோல ஒலித்தாலும் ஒன்றல்ல. எந்தக் கணினியில் வந்தது என்பதைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

*விண்டோஸில்* வந்தால், பத்துக்கு ஒன்பது முறை அந்தக் கோப்பை வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கிறது. லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பையும் அழிக்க முடியும். விண்டோஸில் திறந்து வைத்திருக்கும் நிரல் அனுமதித்தாலொழிய முடியாது. கோரல்டிராவில் யாராவது அந்த நோட்டீஸைத் திறந்தபடியே வீட்டுக்குப் போயிருக்கலாம். கோப்புறையை அழிக்க முடியவில்லை என்றால், ஏதாவது ஒரு டெர்மினல் அதற்குள் நின்றுகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் அது நம் ஸ்கிரிப்டேதான், அழிப்பதற்கு முன் வெளியே வர மறந்திருக்கும். யாரும் திறக்கவில்லை என்று உறுதியானால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு பகுதியில் உள்ள ஹேண்டில் தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பிடித்திருக்கும் நிரல் தெரிந்துவிடும்.

சில சமயம் ஆன்டிவைரஸோ தேடல் அட்டவணையோ சில நொடிகள் மட்டும் பிடித்திருந்து விட்டுவிடும். ஒரு தடவை தோற்று, மறுதடவை ஓட்டினால் அழிகிறது என்பது அதன் அடையாளம். இதற்கு ஸ்கிரிப்டில் இரண்டு நொடி இடைவெளியில் மூன்று முறை முயலும் ஒரு சிறு சுழற்சி போதும். ஆன்டிவைரஸை அணைத்து வைப்பது தீர்வு ஆகாது. ஊரெல்லாம் சுற்றி வந்த பென்டிரைவ்கள் செருகப்படும் அச்சகத்தில் அது தற்கொலைக்குச் சமம்.

*லினக்ஸில்* 'பெர்மிஷன் டினைட்' வந்தால், கோப்பின் அனுமதியைப் பார்ப்பதில் பயனில்லை. அது இருக்கும் கோப்புறையின் அனுமதியைப் பார்க்க வேண்டும். 'எல்எஸ் -எல்டி' கொடுத்து, கோப்புறையில் நமக்கு எழுதும் உரிமையும் நுழையும் உரிமையும் உள்ளனவா என்று பாருங்கள். கோப்புக்கு 'சிஹெச்மோட் 777' அடித்துவிட்டு ஏன் அழியவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுச் சாவி கையில் இல்லாமல் பீரோவைத் திறந்து வைத்து என்ன பயன்? கோப்புறை அனுமதி வரிசையின் கடைசியில் 'டி' எழுத்து இருந்தால், கோப்பின் உரிமையாளரும் கோப்புறையின் உரிமையாளரும் ரூட்டும் (நிர்வாகிப் பயனர்) மட்டுமே அழிக்க முடியும். பொதுவான தற்காலிகக் கோப்புறை எல்லாக் கணினியிலும் அப்படித்தான் இருக்கும்.

ரூட்டாக இருந்தும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' வந்தால், 'எல்எஸ்ஆட்ர்' கொடுத்து 'ஐ' குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாரோ வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்கள். யார், எதற்கு என்று கேட்காமல் 'சிஹெச்ஆட்ர்' கொண்டு எடுக்காதீர்கள்.

*மேக்கில்* இதே செய்திக்குக் காரணம் இரண்டு. ஃபைண்டரில் 'லாக்ட்' என்று குறி வைத்திருக்கலாம். 'எல்எஸ்' கட்டளையில் சிறிய 'எல்' எழுத்தோடு பெரிய 'ஓ' சேர்த்துக் கொடுத்தால் 'யுசிஹெச்ஜி' என்ற குறி தெரியும், 'சிஹெச்ஃப்ளாக்ஸ்' கட்டளையால் எடுக்கலாம். இல்லையெனில் டெர்மினலுக்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளைத் தொடும் அனுமதி இல்லை. தனியுரிமை அமைப்புகளில் முழு வட்டு அணுகலைக் கொடுக்க வேண்டும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் நிரல்) ஓடவில்லை என்றால், அனுமதி டெர்மினலுக்கு இருக்கிறது, கிரானுக்கு இல்லை.

அறிகுறி: லினக்ஸில் ஓடுகிறது, மேக்கில் 'இல்லீகல் ஆப்ஷன்'

மேக்கில் இருப்பது பிஎஸ்டி வழி வந்த 'ஆர்எம்'. அதற்கு இரட்டைக் கோட்டில் தொடங்கும் நீண்ட ஆப்ஷன்கள் தெரியாது. கோப்புறைப் பெயருக்குப் பின்னால் '-ஆர்எஃப்' போட்டால் லினக்ஸ் புரிந்துகொள்ளும். மேக் அதை ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று சொல்லும். ஆப்ஷன்கள் சிறியவையாகவும் பெயருக்கு முன்னதாகவும் இருக்கட்டும். 'எக்ஸ்ஆர்க்ஸ்' கட்டளையின் '-ஆர்' ஆப்ஷனையும் பழைய மேக்குகள் ஏற்காது.

அறிகுறி: 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்'

ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் பெயர்களின் மொத்த நீளத்துக்கு வரம்பு உண்டு. மேக்கில் 10,48,576 பைட்; உபுண்டுவில் வழக்கமான அமைப்பில் 20,97,152 பைட். தமிழ்ப் பெயர்கள் குறிக்கு மூன்று பைட் எடுப்பதால் நாம் அந்த வரம்பைச் சீக்கிரமே தொட்டுவிடுகிறோம். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்த ஸ்கிரிப்ட் அச்சகத்தில் விழுந்ததற்கு ஒருமுறை இதுவே காரணம்.

நட்சத்திரக் குறியை விட்டுவிட்டு 'ஃபைண்ட்' கட்டளையை '-எக்ஸெக் ஆர்எம் -எஃப் {} +' என்ற முடிவோடு பயன்படுத்துங்கள்; அதுவே பெயர்களைத் தக்க கட்டுகளாகப் பிரித்து அனுப்பும், மூன்று கணினியிலும் ஒரேபோல ஓடும். ஆனால் இது உட்கோப்புறைகளுக்குள்ளும் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். '-டெலீட்' என்ற குறுக்குவழியும் உண்டு. அதை எப்போதும் கடைசியில்தான் போட வேண்டும். '-நேம்' நிபந்தனைக்கு முன்னால் போட்டால், நிபந்தனையைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

அறிகுறி: பிழையே இல்லை, கோப்பும் அழியவில்லை

முப்பது நாள் கணக்கை முதலில் பாருங்கள். '-எம்டைம் +30' என்பது முழு நாள்களை மட்டுமே எண்ணும். முப்பதைத் தாண்டியது என்றால் குறைந்தது 31 நாள் நிரம்பியிருக்க வேண்டும். சரியாக முப்பதாவது நாள் அழியவில்லை என்ற புகாருக்கு மருந்து, எண்ணை 29 ஆக்குவதுதான்.

அடுத்து, எழுத்தின் பெரிது சிறிது. கேமராவிலிருந்து வரும் படங்களின் பின்னொட்டு பெரிய எழுத்தில் 'ஜேபிஜி' என்று இருக்கும். நம் ஸ்கிரிப்ட் சிறிய எழுத்தில் தேடும். லினக்ஸில் இரண்டும் வேறு. '-நேம்' இருக்கும் இடத்தில் '-ஐநேம்' போட்டால் தீரும். புள்ளியில் தொடங்கும் பெயர்களை நட்சத்திரக் குறி தொடாது என்பதும் இங்கே சேரும்.

கையால் ஓடி, இரவில் ஓடவில்லை என்றால், கிரான் நம் வீட்டுக் கோப்புறையிலிருந்தே தொடங்குகிறது. ஸ்கிரிப்டில் எல்லாப் பாதைகளும் சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதைகளாக இருக்க வேண்டும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் வேறு பயனரின் கீழ் ஓட்டினால், நாம் எழுத்துக் கொடுத்து இணைத்த நெட்வொர்க் டிரைவ் அதற்குத் தெரியாது. மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு மின்தடைக்காகக் கணினியை அணைத்து, மறுநாள் காலையில்தான் எழுப்பினீர்கள் என்றால், தவறிப்போன இரவு வேலையைக் கிரான் தானாகச் செய்யாது. அதற்கு 'அனக்ரான்' வேண்டும்.

அறிகுறி: 'டைரக்டரி நாட் எம்ப்டி'

அழிக்கும் வேளையிலேயே உள்ளே ஏதோ புதிதாக முளைக்கிறது. மேக்கில் ஃபைண்டர் சாளரம் திறந்திருந்தால் 'டிஎஸ் ஸ்டோர்' கோப்பை அது மறுபடி எழுதிவிடும், சாளரத்தை மூடுங்கள். என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்புறைகளைப் பகிரும் முறை) வழியாகப் பகிர்ந்த கோப்புறையில் '.என்எஃப்எஸ்' என்று தொடங்கி எண்கள் நீளும் கோப்பு தெரிந்தால், அழிக்கப்பட்ட ஒரு கோப்பை ஏதோ நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அதை அழித்தாலும் திரும்ப வரும். 'எல்எஸ்ஓஎஃப்' கொடுத்து நிரலைக் கண்டுபிடித்து மூடினால் தானே போய்விடும்.

அறிகுறி: கோப்பு போய்விட்டது, வட்டில் இடம் வரவில்லை

இதுவும் அதே குடும்பம். லினக்ஸில் 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (பெரிய 'எல்') கொடுத்தால், பெயர் போயும் திறந்த நிலையில் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். அந்த நிரலை நிறுத்தித் தொடங்கினால் இடம் விடுபடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக் கோப்பை அழிப்பதைவிட, அதன் உள்ளடக்கத்தைச் சுழியாக்குவது நல்லது. மேக்கில் டைம் மெஷினின் உள்ளூர் ஸ்னாப்ஷாட்டுகளும் இடத்தைப் பிடித்திருக்கலாம்.

அறிகுறி: 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்'

பென்டிரைவ் என்றால், அது என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வட்டு வடிவம்) வடிவில் உள்ளதா, மேக்கில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேக் தன் இயல்பில் அதைப் படிக்கும், எழுதாது. அழிப்பதும் எழுதுவதில் சேர்ந்ததே. விண்டோஸ் வட்டை உபுண்டுவில் இணைத்திருந்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதை அரைகுறையாக மூடியிருக்கும். விண்டோஸில் அந்த வசதியை அணைத்து முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள்.

இரண்டும் இல்லாமல், நேற்றுவரை எழுதிய உபுண்டு வட்டு இன்று திடீரென்று இந்தச் செய்தியைக் காட்டினால் ஸ்கிரிப்டை மறந்துவிடுங்கள். பிழை கண்டதும் இஎக்ஸ்டி4 தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கலாம். 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையின் வெளியீட்டில் 'ஐ/ஓ எரர்' வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வட்டு சாகிறது. 'எஃப்எஸ்சிகே' (வட்டின் பிழைகளைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டுவதற்கு முன், முக்கியமானவற்றை வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, வன்பொருள் தெரிந்தவரை அழையுங்கள்.

அறிகுறி: சொன்னதைவிட அதிகமாக அழிந்துவிட்டது

பெரும்பாலும் மாறி காலியாக இருந்திருக்கும். மாறிக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு, மாறியில் எதுவும் இல்லாமல் போனால், மிஞ்சுவது வட்டின் வேரிலிருந்து எல்லாமும். லினக்ஸின் 'ஆர்எம்' வெறும் வேரை அழிக்க மறுக்கும். ஆனால் நட்சத்திரம் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. 2015-இல் உலகெங்கும் பயன்பட்ட ஒரு விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டிலேயே இந்தக் குறை இருந்து, பயனர்களின் கோப்புகளைத் தின்றது. மாறியை நெளிவு அடைப்புக்குள் எழுதி, பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் (:?) வைத்தால், காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கோப்புறைக்குள் நுழைந்து அழிப்பதாக இருந்தால், 'சிடி' கட்டளைக்கும் 'ஆர்எம்' கட்டளைக்கும் நடுவே && வேண்டும்; இல்லையேல், நுழைய முடியாமல் போனால், நின்ற இடத்தையே அழித்துவிடும்.

நடந்துவிட்டது என்றால், உடனே கன்ட்ரோல்-சி அழுத்தி ஸ்கிரிப்டை நிறுத்தி, அந்த வட்டில் எதையும் எழுதாமல் கணினியை அணையுங்கள். மீட்புக் கருவியை அதே வட்டில் பதிவிறக்கி நிறுவுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. மீட்க வேண்டியவற்றின் மேலேயே அது போய் உட்காரும். பேக்கப் இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால், சுழலும் வட்டாக இருந்தால் தரவு மீட்பவரிடம் கொடுக்க நம்பிக்கை உண்டு. எஸ்எஸ்டி-யில் டிரிம் வசதி (அழிந்த கோப்புகளின் இடத்தை வட்டே துடைத்துவிடுவது) ஓடியிருந்தால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பணம் பேசுவதற்கு முன்பே வட்டு எந்த வகை, அழிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, அதன் பின் கணினி ஓடியதா என்ற மூன்றையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.